கண்ணாடி அலமாரில இருந்து பசங்க கைக்கு வந்த மாவோரி வாத்தியங்கள்

நியூசிலாந்துல பெரிய மியூசியம் எதுக்குப் போனாலும் மாவோரி பகுதில ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும், உள்ள ஒரு ஜாண் கூட இல்லாத சின்னக் குழல், நடுவுல வயிறு பெருத்த ஒரு மரக்குழல், மரத்துல வாய் வச்ச சங்கு, எலும்புல செஞ்சது, கல்லுல செஞ்சதுன்னு வரிசையா வச்சு கீழ பேர் எழுதின சீட்டு ஒட்டியிருப்பாங்க. நானும் எத்தனையோ தடவ அதுங்க முன்னாடி நின்னு அந்த செதுக்கு வேலைய ரசிச்சுட்டு நகர்ந்திருக்கேன். சத்தம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க வழியே இல்ல. இந்த டெர்ம்ல என் பொண்ணு ஸ்கூல்ல அந்த வழி கிடைச்சுது, உதவிக்கு வர முடிஞ்ச பெற்றோர் வாங்கன்னு கூப்பிட்டாங்க, லீவு போட்டுட்டு போயிட்டேன், போனதுல இருந்து வீட்ல வேற பேச்சே இல்ல, அதான் இங்க எழுதறேன்.

டாவோங்கா பூவோரோன்னு சொல்றாங்க மாவோரிங்க, அவங்களோட பாரம்பரிய வாத்தியங்கள் அத்தனைக்கும் பொதுப் பேரு. சொல்லிக்குடுக்க வந்தவங்கள பசங்க "ஃபையா"ன்னு கூப்பிட்டாங்க, இங்க மாவோரி டீச்சரம்மாவ மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல அத்தை சித்தின்னு கூப்பிடற அதே தொனி. ஃபையா வந்ததும் எதையும் வெளிய எடுக்கல. தரைல ஒரு பாய் விரிச்சாங்க, கரக்கியா சொன்னாங்க, பிரார்த்தனை மாதிரி, பசங்களுக்கு அது பழக்கம்தான், சேந்து சொன்னாங்க. அப்புறம் கண்ண மூடிட்டு வெளிய என்னென்ன கேக்குதுன்னு கேளுங்கன்னாங்க. காத்து, மழைத்தண்ணி சொட்டற சத்தம், நாங்க இருக்கற ஹட் பள்ளத்தாக்குப் பக்கம் எப்பவும் கேக்கற டூயீ பறவை, தூரத்துல ரயில். ரயில தவிர மத்த எல்லாத்துக்கும் இந்தப் பைக்குள்ள சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொல்லிட்டு ஒவ்வொண்ணா எடுத்து பாய்ல வைக்க ஆரம்பிச்சாங்க. பசங்க முகத்த பாக்கணுமே!

அந்த சொந்தம்ங்கறது சும்மா அழகுக்கு சொல்றது கிடையாது. மாவோரிங்க பாக்கற பார்வைல தாளம் எல்லாம் பூமித்தாய் பாப்பாவோட இதயத் துடிப்புல இருந்து வந்தது, ராகம் ஆகாயத் தகப்பன் ரங்கிகிட்ட இருந்து வந்தது, அவங்க பிள்ளைங்கதான் காடு, கடல், காத்து எல்லாத்துக்கும் தெய்வங்கள். அதனால ஒவ்வொரு வாத்தியமும் யாரோ ஒருத்தர் வம்சத்துல சேரும். சங்கு கடல் தெய்வம் டங்காரோவாவோடது, அதுக்கு வைக்கற மர வாய் காட்டுத் தெய்வம் டானேவோடது, அப்போ ரெண்டு பேரும் சேந்தாத்தான் பூட்டாட்டரா. கயித்துல கட்டி சுத்தற பூரெரெஹுவா காத்துக்கு சொந்தமான டாஃபிரிமாட்டெயாவோடது. இப்படிக் கேட்ட குழந்தை அதுக்கப்புறம் அந்த சங்க ஒரு பொருளா பாக்கவே பாக்காது, எங்க வீட்டு வாண்டு இப்போ பீச்சுல கிடக்கற ஒவ்வொரு சிப்பிக்கும் "இது யாரு வீட்டுப் பிள்ளை"ன்னு கேக்குது.

முதல்ல பசங்க கைக்கு வந்தது கோஅவ்அவ், மூணு ஓட்டை போட்ட குட்டிக் குழல், ரெண்டு பக்கமும் திறந்திருக்கும். நம்ம புல்லாங்குழல்ல பக்கத்துல இருக்கற ஓட்டைல ஊதுவோம்ல, இதுல நுனி விளிம்பு மேலயே கொஞ்சம் சாய்ச்சு ஊதணும், விசில் அடிக்க உதட்ட குவிக்கற மாதிரி வச்சுக்கிட்டு. பழைய காலத்துல மரத்துலயும், ஆல்பட்ராஸ் பறவையோட இறக்கை எலும்புலயும், மனுஷ எலும்புலயும் கூட செஞ்சிருக்காங்க (மனுஷ எலும்புன்னதும் ரூமே "ஈஈஈ"ன்னுச்சு, ஃபையா கோவிச்சுக்கல, தாத்தாவோட எலும்புல இருந்து சத்தம் வந்தா அது தாத்தா பேசற மாதிரிதானேன்னாங்க, எல்லாரும் கப்சிப்). பசங்களுக்கு குடுத்தது பிளாஸ்டிக் பைப்ப வெட்டி விளிம்ப தேய்ச்சு செஞ்சது, ஆளுக்கு ஒண்ணு, அடுத்தவங்களோடத வாய்ல வைக்கக் கூடாது. ரொம்ப நேரம் வெறும் காத்துதான் வந்துச்சு, ஸ்ஸ்ஸ்னு. நல்லா படிக்கற பசங்க, பியானோ கிளாஸ் போற பசங்க எல்லாம் திணறிட்டு இருந்தப்போ, வகுப்புல அதிகம் வாயே திறக்காத ஒரு பையன் ஜன்னலப் பாத்துட்டு அவன் பாட்டுக்கு ஊதினான், மெல்லிசா ஒரு சத்தம் வந்துச்சு, எல்லாரும் திரும்பிட்டாங்க. ஒரு பொண்ணு அது எந்த நோட்டுன்னு கேட்டா. ஃபையா பதில் சொல்லல, அவங்க குழல எடுத்து விரல ஓட்டை மேல முழுசா மூடாம கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஊதினாங்க, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற அத்தனையும் கேட்டுச்சு. பியானோல அந்த இடத்துக்கு கட்டையே கிடையாது. கமகம் கேட்டு வளந்த காதுக்கு அது அந்நியமாவே தெரியல எனக்கு.

அப்புறம் பூட்டாட்டரா. சங்கு ஊதற சத்தம் நமக்குத் தெரிஞ்சதுதான, ஆனா நியூசிலாந்து கடல்ல கிடைக்கற சங்கு வெப்பமண்டலத்து சங்க விட சின்னது, அதனால நுனிய வெட்டி அதுல செதுக்கின மர வாய கட்டி நீளமாக்கியிருக்காங்க. விருந்தாளி வந்தா, குழந்தை பொறந்தா, ஊருக்கு சேதி சொல்லணும்னா இதத்தான் ஊதுவாங்க. இதோட பெரிய அண்ணன் பூக்காயேஆ, ஆள் உயரத்துக்கு மேலயும் போகற மர எக்காளம், குமரா, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு நடற சீசன் தொடங்கினத அறிவிக்க, சண்டைக்கு எச்சரிக்க.

இங்க ஃபையா ஒரு வரலாறு சொன்னாங்க, அத நான் வீட்டுக்கு வந்து தேடியும் படிச்சேன். ஐரோப்பாக்காரங்களும் மாவோரிங்களும் முதல் முதல்ல சந்திச்சது 1642 டிசம்பர் 18, தெற்குத் தீவோட வடக்கு முனைல, இன்னிக்கு கோல்டன் பேன்னு சொல்ற இடம். ஏபல் டாஸ்மனோட ரெண்டு டச்சு கப்பல் வந்து நிக்குது, பொழுது சாயற நேரம், படகுல வந்த மாவோரிங்க சத்தமா கூப்பிட்டு ஒரு எக்காளத்த திரும்பத் திரும்ப ஊதறாங்க. டச்சுக்காரங்க மாலுமி ஒருத்தரும் பதிலுக்கு ட்ரம்பெட் ஊதறார். அங்க ஊதறாங்க, இங்க ஊதறாங்க. மறுநாள் மாவோரிங்க டச்சுக்காரங்களோட சின்னப் படகு ஒண்ண மோதி, டச்சுக்காரங்க நாலு பேர் செத்துட்டாங்க, டாஸ்மன் கரைல கால் வைக்காமயே போயிட்டார். முதல் நாள் ஊதினது "யாருடா நீ, சண்டைக்கு வரியா"ங்கற சவாலா இருந்திருக்கும், பதிலுக்கு ஊதினது "வா பாக்கலாம்"னு அர்த்தமாயிருக்கும்னு வரலாறு எழுதறவங்க பல பேர் சொல்றாங்க. ரெண்டு இனமும் ஒரு வார்த்தை பேசிக்கறதுக்கு முன்னாடி வாத்தியத்துலதான் பேசியிருக்காங்க. ஒன்பது பத்து வயசுப் பசங்க இதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் விவாதம் பண்ணாங்க, ஒருத்தன் சொன்னான் "அவங்க திருப்பி ஊதாம கை ஆட்டியிருக்கணும்". ஒரு பொண்ணு, "கை ஆட்டினா அதுக்கு என்ன அர்த்தமோ யாருக்குத் தெரியும்?"

எனக்கு மனசுல அப்படியே உக்காந்துட்டது பூட்டோரினோதான். உலகத்துல வேற எங்கயும் கிடையாது, இந்த மண்ணுல மட்டும் உருவான வாத்தியம். ஒரு மரத்துண்ட நீளவாக்குல ரெண்டா பிளந்து, உள்ள குடைஞ்சு, திரும்ப சேத்து கொடியால இறுக்கிக் கட்டுவாங்க, ரெண்டு நுனியும் ஒல்லி, நடுவுல புடைச்சு இருக்கும், அந்தப் புடைப்புல ஒரு வாய், பல நேரம் அதச் சுத்தி ஒரு முகமே செதுக்கியிருக்கும். ஒரு முனைல எக்காளம் மாதிரி உதட்ட அதிர வச்சு ஊதினா ஆம்பளக் குரல், அதையே குழல் மாதிரி ஊதினா பொம்பளக் குரல். ஒரே கட்டைக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க. இதோட வடிவம் எங்க இருந்து வந்துச்சுன்னா, இங்க மனுக்கா மாதிரி செடிங்கள்ல ஒரு பூச்சி குச்சி, இலை எல்லாம் பட்டு நூலால ஒட்டி ஒரு பை நெய்துக்கிட்டு தொங்கும், கூட்டுப்புழு வகை. அந்தப் பைக்குள்ள இருக்கற பெண் பூச்சிக்கு இறக்கையே வராது, வாழ்நாள் முழுக்க வெளியவே வராது. ஆண் மட்டும் இறக்கை முளைச்சு பறந்து தேடி வரும். உள்ள இருந்தபடியே அவ துணைய கூப்பிடற குரல்தான் குழலோட இசை, அவதான் ஹினேரவுகட்டவுரி, குழலிசையோட தேவதைங்கறாங்க. பூட்டோரினோ அவளோட வீடு.

இந்தக் கதைய கேட்டதும் டீச்சர் பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, பாடத்த அங்கயே நிறுத்திட்டு எல்லாரையும் வேலி ஓரத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க. தேடித் தேடி கண்டுபிடிச்சாங்க, குச்சி ஒட்டின சாம்பல் நிறப் பை, சுண்டுவிரல் அளவு, அசையாம தொங்கிட்டு இருந்துச்சு. யாரும் தொடல. பூச்சி பாக்கறது அறிவியல் பாடம், கதை கேக்கறது மொழிப் பாடம், ஊதறது இசைப் பாடம்னு நாம பிரிச்சு வச்சிருக்கோம்ல, அந்த வேலி ஓரத்துல அதெல்லாம் ஒண்ணாதான் இருந்துச்சு. என் பொண்ணு ராத்திரி தூங்கப் போறப்போ கேட்டா, "அம்மா, அவ வெளிய வரவே மாட்டாளா, அப்போ அவ குழந்தைங்க?" குட்டிப் புழுங்க பட்டு நூல்ல தொங்கி காத்துல போயிடும்னு படிச்சு சொன்னேன், கொஞ்சம் சமாதானம் ஆச்சு.

இன்னொண்ணு, இதுல பாதி வாத்தியங்கள் நாம நினைக்கற "கச்சேரி"க்கு செஞ்சதே கிடையாது. பொய் ஆஃபியோஃபியோன்னு ஒண்ணு, குட்டி சுரைக்குடுக்கைல ஓட்டை போட்டு கயித்துல சுத்தினா பறவைங்க கொஞ்சற மாதிரி கேக்கும், பறவைங்கள வரவைக்க. கரங்கா மனுவும் அதே வேலைக்கு, உள்ளங்கைல அடங்கற பறவை ஊதல். பஹூன்னு தொங்கவிட்ட பெரிய மரப்பலகை, கோட்டைல காவல் இருக்கறவங்க அடிக்கறது. ஙுருன்னு (நம்ம எழுத்து அட்டவணைல இருக்கற அதே ஙு) நுனி மேல வளைஞ்ச குட்டிக் குழல், கல்லு, களிமண்ணு, திமிங்கலப் பல்லுல எல்லாம் செஞ்சது. டுமுடுமுன்னு ரெண்டு கல்லையோ எலும்பையோ தட்டறது. பொரோட்டிட்டி பாத்ததும் எனக்கு சிரிப்பு தாங்கல, சின்ன வயசுல சோடா மூடிய தட்டையா நசுக்கி ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோத்து ரெண்டு கையாலயும் இழுத்து விர்ருவிர்ருன்னு சுத்துவோமே, அச்சு அசல் அதேதான், மரத்துல இல்ல எலும்புல. ஆனா இங்க அதுக்கு இன்னொரு வேலையும் உண்டு, சளி பிடிச்சு மூச்சு விட முடியாம தூங்கற குழந்தை மேல இதப் பிடிச்சு சுத்துவாங்களாம், அந்த அதிர்வுல மூக்கு இளகும்னு பெரியவங்க சொல்லிட்டு வந்திருக்காங்க.

சரி, இவ்வளவு இருந்தது எப்படி கண்ணாடி அலமாரிக்குள்ள போச்சு? மிஷனரிங்க வந்தாங்க, புது வாத்தியங்களும் வந்துச்சு, பழைய பாட்டும் சடங்கும் அஞ்ஞானம்னு ஒதுக்கினாங்க. 1867ல வந்த சட்டத்துல மாவோரி பிள்ளைங்களுக்கான ஸ்கூல்ல பாடம் இங்கிலீஷ்ல, தாய்மொழி பேசினதுக்கு அடி வாங்கின தலைமுறைங்க உண்டு. 1907ல டொஹுங்கா ஒடுக்குச் சட்டம், அதாவது பாரம்பரிய அறிவு வச்சிருந்த குருமாருங்க, வைத்தியருங்க செய்யறது குற்றம்னு. அது ரத்தானது 1962லதான். இந்த வாத்தியங்கள் பிரசவத்துலயும் சாவுலயும் வைத்தியத்துலயும் பிரார்த்தனைலயும் கலந்து கிடந்ததுங்க, அந்த வாழ்க்கைய அறுத்தா இதுவும் சேந்து அறுந்துடும். பொருள மியூசியம் பத்திரமா வச்சிருந்துச்சு, மறுக்க முடியாது, எப்படி ஊதறதுங்கறது யார்கிட்டயும் முழுசா இல்ல.

திரும்ப வந்த கதைதான் பிரமாதம். ஹிரினி மெல்போர்ன், டூஹோய் இனத்துக்காரர், 1949ல பொறந்தவர், பாட்டு எழுதறவர், இங்க ஸ்கூல் பசங்க பாடற மாவோரி பாட்டு எவ்வளவோ அவர் எழுதினது. ரிச்சர்ட் நன்ஸ், மாவோரி கிடையாது, ஸ்கூல் வாத்தியார், ஜாஸ் வாசிக்கறவர். பிரையன் ஃபிளின்டாஃப், நெல்சன்ல இருக்கற எலும்பு செதுக்கற கலைஞர். 1980கள்ல இருந்து இவங்க சேந்து, செதுக்கி, ஊதிப் பாத்து, மியூசியத்துல இருக்கற பழசையும் கேட்டு வாங்கி வாசிச்சுப் பாத்து, ஊர் ஊரா மராயேக்கு, அதாவது மாவோரிங்க கூடற பொது இடங்களுக்குப் போனாங்க. அங்க வாசிக்கும்போது வயசானவங்க யாராவது எழுந்து, எங்க பாட்டி இப்படி பிடிப்பா, எங்க பக்கம் இத மழைக்கு சுத்துவாங்கன்னு சின்னச் சின்ன நினைவா சொல்லுவாங்களாம். அந்தத் துண்டுங்கள கோத்துக் கோத்துதான் இன்னிக்கு வகுப்புல என் பொண்ணு கேட்டது வந்திருக்கு. ஹவுமனுன்னு ஒரு குழு உருவாச்சு, சொல்லிக்குடுத்தாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்ட ஹொரோமோனா ஹோரோ மாதிரி ஆளுங்க இன்னிக்கு உலகம் பூரா வாசிக்கறாங்க. மெல்போர்ன் 2003லயே போயிட்டார், அம்பத்தஞ்சு கூட ஆகல. 2009ல மெல்போர்ன், நன்ஸ் ரெண்டு பேரையும் நியூசிலாந்து மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. நன்ஸ் பார்க்கின்சன் நோயோட பல வருஷம் இருந்துட்டு 2021ல காலமானார். கை நடுக்கத்தோட ஒருத்தர் மூச்ச நம்பற வாத்தியத்த வாசிச்சுட்டே இருந்திருக்கார்னு நினைச்சா எனக்கு தொண்டை அடைக்குது.

மியூசியம் பத்தி பேசறப்போ இத சொல்லாம போக மனசு வரல. நியூசிலாந்தோட தேசிய மியூசியம் டெ பாப்பா சேகரிப்புல நம்ம எழுத்து பொறிச்ச ஒரு வெண்கல மணி இருக்கு, உடைஞ்ச மணியோட ஒரு பாகம். 1836 வாக்குல வாங்கரே பக்கம் மாவோரி பெண்கள் அதக் கவுத்துப் போட்டு உருளைக்கிழங்கு வேக வச்சிட்டு இருந்தத வில்லியம் கொலென்சோங்கற மிஷனரி பாத்து வாங்கியிருக்கார். முகையதீன் வக்குசு உடைய கப்பல் மணின்னு எழுதியிருக்கு. எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் உறுதியா தெரியல. எங்கயோ ஒரு தமிழ்க் கப்பல்ல ஒலிச்சது, இப்போ ஒலிக்காம இருக்கு. அதப் பாத்தா மாவோரிங்க அந்தக் குழலுங்க முன்னாடி நிக்கறப்போ என்ன தோணியிருக்கும்னு எனக்குக் கொஞ்சம் புரியுது.

ஸ்கூல்கள் பத்தி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மட்டரிக்கி வருது, மாவோரி புத்தாண்டு, 2022ல இருந்து அரசு விடுமுறை, அந்த வாரத்துக்கு மட்டும் அட்டைல ஒரு குழல் செஞ்சு பெயின்ட் அடிச்சு சுவத்துல ஒட்டி முடிச்சுடற ஸ்கூலும் இருக்கு, எங்க பழைய ஸ்கூல்ல அப்படித்தான் நடந்துச்சு. அட்டைக் குழல்ல சத்தம் வராதே! இங்க ஃபையா கேட்டது ஒரு வருஷம் பூரா. வசந்த காலத்துல ஹுயே விதை போடணும். ஹுயேன்னா சுரைக்காய், அதே செடிதான், பசிபிக் தாண்டி படகுல வந்தவங்க கையோட கொண்டு வந்தது. இங்க பனி பட்டா செத்துடும், வெயில் விழற சுவரா பாத்து வைக்கணும், காய் முத்தி விழற வரைக்கும் விட்டு, குளிர்காலம் முழுக்க காய வச்சு, ஆட்டினா உள்ள விதை குலுங்கணும், அப்பதான் அறுக்கலாம். பெருசு ஹுயே புருஹவு, வாய் மேல ஊதினா அடிவயித்துல இருந்து கேக்கற மாதிரி கட்டையான சத்தம். சின்னது பொய் ஆஃபியோஃபியோ. ஒரு வாத்தியத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்கற குழந்தை அத தூக்கிப் போடாது, தன் கையால தண்ணி ஊத்தினதாச்சே. ஸ்கூல் ஒத்துக்கிட்டாங்க, தோட்டத்துல இடம் ஒதுக்கியாச்சு, சுரைக்காய் காய வைக்கற வேலை எங்க மாமியாருக்கு அத்துப்படி, அவங்க வீடியோ கால்ல பசங்களுக்கு சொல்றதா இருக்காங்க, காய திருப்பித் திருப்பிப் போடணும், ஈரத் தரைல வைக்காதீங்கன்னு இப்பவே ஆரம்பிச்சாச்சு.

அதுவரைக்கும் பொறுக்காதவங்க வீட்லயே பூரெரெஹுவா செஞ்சு பாக்கலாம், ஃபையா பசங்களுக்கு சொன்ன முறைதான். மெல்லிசான பலகைல இலை வடிவத்துக்கு, ஒரு ஸ்கேல் நீளத்துக்கு வெட்டி, ஓரம் ரெண்டையும் உப்புத்தாள் போட்டு நல்லா மெலிசாக்கணும், அந்த ஓரம்தான் காத்த வெட்டும். ஒரு நுனில ஓட்டை, உறுதியான கயிறு, முடிச்சு அவுராம இருக்கான்னு பெரியவங்க இழுத்துப் பாக்கணும். கயித்த முதல்ல கொஞ்சம் முறுக்கிட்டு அப்புறம் சுத்தணும், பலகை தன்னைத்தானே சுழல ஆரம்பிச்சாதான் சத்தம் பிறக்கும், சும்மா வீசினா வராது. அகலமான பலகைன்னா கட்டைக் குரல், வேகமா சுத்தினா குரல் ஏறும். திறந்த மைதானத்துல, பக்கத்துல ஆள் இல்லாம. சுத்தி முடிச்சதும் என் பொண்ணு செய்யற மாதிரி டாஃபிரிமாட்டெயாவுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க, அவளுக்கு ஃபையா அப்படித்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க.